பச்சை விளக்கை நம்பாதவள்

கணினி அறையைத் திறந்ததும் அக்கா செய்யும் முதல் வேலை, மிஷினிடம் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான். சன்னலைத் திறப்பது, தரையைப் பெருக்குவது எல்லாம் அப்புறம். கறுப்புத் திரை ஒன்றை வரவழைப்பாள். அதில் படம் இருக்காது, அழுத்துவதற்குப் பொத்தான் இருக்காது, எழுத்து மட்டும்தான். சின்னதாக ஒரு சொல்லைத் தட்டுவாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் சில வரிகள் வந்து நிற்கும். மிஷின் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது, அதன் நினைவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, உள்ளே எவ்வளவு இடம் மிச்சம், சூடு எவ்வளவு. அவ்வளவுதான். அந்த வரிகளை வாய்விட்டு வாசிப்பாள். வாசித்து முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது.

அது யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த குட்டி நிரலாம். அக்கா அதில் வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு, வரிகளின் தலைப்பைத் தமிழில் மாற்றி வைத்திருந்தாள். விழிப்பு, நினைவு, இடம், சூடு. "நம்ம மிஷின் கிழட்டு மாடு மாதிரி தங்கச்சி. பெரிய பொதி ஏத்தினா படுத்துக்கும். இதுக்கு எடையே இல்ல. பாக்கும், சொல்லும், போயிரும்" என்பாள்.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டாம் என்று அவளே சொன்னாள். பெயர் வெளியே போனால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று அதற்கும் ஒரு பயம். பூனாகலைப் பக்கத்து மலைகளில் ஒன்றில், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிரிவில், எல்லோரும் அவளைக் கம்பியூட்டர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பதுளையில் கணினி படித்து, கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்து, கல்யாணமாகி எங்கள் பிரிவுக்கு வந்தவள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். புருஷன் கொழும்பில். மாமியாரோடு பணிய லயத்தில் இருந்தாள். பணிய லயம் என்றால் சரிவில் கீழே இருக்கிற வீட்டு வரிசை.

நான் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். பிரிவின் மண்டபத்தை நடுவில் பலகை வைத்து மறித்து, ஒரு பக்கம் என் தொட்டில்கள், மறுபக்கம் அக்காவின் கணினிகள்.

அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஒருநாள் பிள்ளைக்காம்பராவுக்குச் சாமான் வாங்க நாங்கள் இருவரும் பதுளைக்குப் போனோம். பண்டாரவளையில் பஸ் மாறினோம். ஏறி உட்காருவதற்கு முன் அவள் டிரைவரிடம் போய், நேற்று ஒழுங்காகத் தூங்கினீர்களா என்று சிங்களத்தில் கேட்டாள். அந்த ஆள் சிரித்துவிட்டு, ஏன், தாலாட்டுப் பாடப்போகிறாயா என்றான். பஸ்ஸே சிரித்தது. அவன் கண்கள் சிவந்திருக்கின்றன என்று சொல்லி அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அடுத்த பஸ் வரும்வரை தூறலில் நின்றோம். அந்த முதல் பஸ் ஒன்றும் ஆகாமல் பதுளை போய்ச் சேர்ந்திருந்தது. பஸ் நிலையத்தில் அதைக் காட்டி, "பாருங்கக்கா, நல்லாத்தானே வந்திருக்கு" என்றேன்.

"நல்லபடியா வந்திருச்சுன்னா சந்தோசம்தானே" என்றாள். அவளுக்கு வெட்கமே இல்லை.

கல்யாண வீட்டில் சமையற்காரரிடம் போய் கேஸ் குழாயை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பாள். கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் பக்கம் பிள்ளைகளை விடமாட்டாள். எல்லாவற்றிலும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். இப்போது இது எப்படி இருக்கிறது, எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறது. "எங்க மருமகளுக்கு மூச்சு விடுறதுக்கு முன்னாடி காத்து இருக்கான்னு பாக்கணும்" என்று அவளுடைய மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்த அம்மாவுக்கு மருமகள்மேல் உயிர். கேலியும் அந்த அளவுக்கு இருக்கும்.

மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போது அக்கா என் பக்கம் வருவாள். தொட்டில்களுக்கு நடுவே மெல்ல நடந்து, ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சிலும் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பாள். நெஞ்சு ஏறி இறங்கியதும் அடுத்த தொட்டில். எனக்கு அது பிடிக்கவில்லை. "இப்படிப் பண்ணாதீங்கக்கா. பாக்கிற எனக்கே என்னமோ மாதிரி இருக்கு" என்றேன்.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"இருக்கட்டும்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அம்மா சாய்ந்து கண்ணயர்ந்தால்கூட நின்று பார்க்க ஆரம்பித்தேன். அக்காவின்மேல் அதற்காகக் கோபம் வந்தது. நிம்மதியாக இருந்த ஒருத்தியைக் கெடுத்துவிட்டாளே என்று. ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஒங்களுக்கு சின்ன வயசுல ஏதாச்சும் நடந்துச்சா? ஏன் இப்படிப் பயப்படுறீங்க?"

"ஒண்ணும் நடக்கல" என்றாள். "வெடிச்ச மலைக்குக் கீழ படுத்துத் தூங்குறோம். பயப்படாத ஆளுங்களத்தான் நீ அந்தக் கேள்வி கேக்கணும்."

மலை வெடித்திருந்தது உண்மைதான். கொழுந்து மலைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இது ஆபத்தான இடம் என்று பலகை நட்டார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்றார்கள். பலகை துருப்பிடித்தது, வீடு வரவில்லை. பிறகு ஒரு தொண்டு அமைப்பு வந்து, மேலே மழை அளக்கிற கருவியையும், வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கம்பியையும் பொருத்தியது. வெடிப்பு அகன்றால் கம்பி இழுபடும். அந்தச் செய்தி மண்டபத்தில் உள்ள கணினிக்கு வரும். மண்டபத்தின் வெளிச்சுவரில் விளக்கு வைத்தார்கள். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பென்றால் கூரைமேல் இருக்கிற சைரன் ஊதும். அந்த மிஷினைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை.

விளக்கு வந்ததில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. மழை நாட்களில் பெரட்டுக்குப் போகும்போது, வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில் நின்றே ஆட்கள் மண்டபத்துச் சுவரைப் பார்ப்பார்கள். பச்சை எரியும். சரியென்று மலை ஏறுவார்கள். அக்கா மட்டும் அந்த விளக்கை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "வெளக்கு மிஷின் சொல்றதத்தான் காட்டும். மிஷினு நல்லா இருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்" என்று உள்ளே போய்க் கறுப்புத் திரையைத் திறப்பாள்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் மழை விடவே இல்லை. துணி காயவில்லை, விறகு பற்றவில்லை. நான் சொல்லப்போகிற நாளில் காலையில் கொஞ்சம் வெளுத்தது. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அக்கா மாமியாருக்குக் கால்வலி மருந்து எடுக்கக் கொஸ்லந்தைக்குப் போயிருந்தாள். முற்பகலில் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போய் வந்தது. எங்கள் பக்கம் அது புதிதல்ல. மழை திரும்பக் கொட்டத் தொடங்கியது. மண்டபத்துத் தாழ்வாரத்தில் தோட்டத் தலைவரும் இன்னும் சிலரும் ஒதுங்கி நின்று வெறுந்தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு பச்சையில் எரிந்தது.

அக்கா முழுக்க நனைந்து வந்தாள். மருந்துப் பையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே அறைக்குள் போனாள். நான் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று பார்த்தேன். கறுப்புத் திரை வந்தது. தட்டினாள். வரிகள் வந்தன. அவள் வாசிக்கவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். விழிப்பு என்ற வரியில் வழக்கமாக நாட்கணக்கில் இருக்கும். அன்றைக்குச் சில நிமிடங்கள்தான் காட்டியது.

"செத்து எந்திரிச்சிருக்கு" என்றாள். அவள் குரல் எனக்குக் கேட்கவே இல்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன். பிறகு விரல்கள் வேகமாக எதையெதையோ தட்டின. மேலேயுள்ள கருவியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. சுவரிலிருந்த சைரன் சுவிட்சைக் கையால் போட்டாள். கூரைமேல் ஏதோ முனகிவிட்டு அடங்கியது. அதன் பேட்டரியும் இறங்கிப்போயிருந்தது.

வெளியே வந்து தலைவர் முன்னால் நின்றாள்.

"தலைவரே, எல்லாரையும் ஓடைக்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்."

"ஏன் புள்ள? பச்சையிலதானே இருக்கு."

"அது காலையில இருந்த பச்சை. கரண்ட் போனதும் மிஷின் நின்னுருச்சு. திரும்ப எந்திரிச்சு, கடைசியா தெரிஞ்சத காட்டிக்கிட்டு இருக்கு. மேல இருக்கிற கம்பி பேசவே இல்ல."

"பேசலன்னா?"

"அறுந்திருக்கலாம். பேட்டரி எறங்கியிருக்கலாம். தெரியல."

"மண்ணு வருமா, வராதா? அதச் சொல்லு."

"தெரியலங்க."

தலைவர் கெட்டவர் இல்லை. ஆனால் அக்கா இதற்கு முன்னும் ஒருமுறை ஆட்களை இறக்கச் சொல்லி, ஒன்றும் நடக்காமல், தோட்ட நிர்வாகியான துரையிடம் அவர்தான் ஏச்சு வாங்கியிருந்தார். "தெரியலன்னு சொல்லிக்கிட்டு மலையில நிக்கிற ஆள எறக்கச் சொல்றியே. தொரைக்கு நான் என்னத்தச் சொல்ல? கொழுந்து நிறுக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று கோப்பையைக் கவிழ்த்தார்.

அக்கா அவரோடு வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினாள். "புள்ளைகள எடு" என்றாள்.

"இந்த மழையிலயா? தாய்மாருக்குச் சொல்லாம எப்படிக்கா?"

"சொல்றதுக்கு நேரமில்ல. எடு."

சேலைத்துண்டில் முடிச்சுப் போட அவளுக்கு வரவில்லை. நான்தான் ஒரு குழந்தையை அவள் முதுகில் கட்டிவிட்டேன். இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். எனக்கு உதவியாக இருந்த ஆயம்மா இரண்டை எடுத்தாள். மிச்சத்தை நானும், தாழ்வாரத்தில் நின்ற ஒரு வயசான ஆளும் எடுத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் உறைகளால் மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கினோம். தலைவர் பின்னால் கத்தினார். அவருடைய பேத்தி அக்காவின் தோளில் இருந்தாள்.

பணிய லயத்தைத் தாண்டித்தான் ஓடைப் பாலத்துக்குப் போக வேண்டும். மாமியார் வாசலில் நின்றாள். "வாங்கத்தை, வந்துருங்க" என்று அக்கா கூப்பிட்டாள். "நீ போம்மா. ஒல கொதிக்குது, எறக்கி வச்சுட்டு வாரேன்" என்று அந்த அம்மா சிரித்தாள். "வந்துருங்கத்தை" என்று அக்கா மறுபடி கெஞ்சினாள். இரண்டு குழந்தைகளோடு நின்று இழுக்க முடியாது. நடந்தாள். அழுதுகொண்டே நடந்தாள். மறைக்காமல், சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். அவ்வளவு பயந்த ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாலத்தில் நின்று பார்த்தபோது ஓடையில் தண்ணீர் இல்லை, சேற்றுக் கூழ் ஓடியது. தேயிலைச் செடி ஒன்று வேரோடு உருண்டு போனது.

கொழுந்து மலையிலிருந்து பார்த்தால் அந்தப் பாதை நன்றாகத் தெரியும். முதலில் ஒரு குரல் கேட்டது. "எம்புள்ளய எங்க கொண்டு போறீங்க?" பிறகு பல குரல்கள். கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் செடிகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து லயத்திலிருந்த ஆண்கள் ஓடினார்கள். என்னவென்று தெரியாமல் கிழவர்களும் பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். தலைவரும் ஓடிவந்தார். சைரன் செய்யவேண்டிய வேலை அப்படித்தான் நடந்தது. அக்கா அதை யோசித்துச் செய்தாளா என்று பிறகு கேட்டிருக்கிறேன். இல்லையாம். குழந்தைகளை எடுக்கவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்ததாம்.

பள்ளிக்கூடத்துக்கு முதலில் வந்து சேர்ந்த தாய், குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். அக்கா கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "எல்லாரும் வந்தாச்சா? எங்க அத்தை வந்துட்டாங்களா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் அவளை ஏச வாயைத் திறந்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது.

லொறி கல் கொட்டுகிற மாதிரி தொடங்கியது. ஆனால் கொட்டி முடியவில்லை. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. பிறகு புது மண்ணின் வாசனையும், முறிந்த தேயிலையின் பச்சை வாசனையும், மண்ணெண்ணெய் வாசனையும் வந்தன. பனிமூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. குழந்தைகள்கூட அழவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

மூட்டம் விலகியபோது மண்டபம் இருந்த இடத்தில் சிவந்த மண் இருந்தது. பணிய லயத்தில் பாதி இல்லை. மலையிலிருந்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எல்லாம் எங்கள் கைகளில் இருந்தன. அக்காவின் மாமியார் வரவில்லை.

அந்த அம்மாவைத் தோண்டி எடுத்தபோது அக்கா பக்கத்திலேயே நின்றாள். கொழும்பிலிருந்து வந்த புருஷன் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஊரான் புள்ளைகள தூக்கின கைக்கு எங்கம்மாவ இழுக்க முடியலையா?" காரியம் முடிந்ததும் அவர் போய்விட்டார். பிறகு ஆறித்தான் போனார் என்று கேள்வி. கொழும்புக்கு வந்துவிடச் சொல்லியும் கூப்பிட்டாராம்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் தங்கியிருந்தபோது ஊர் அவளை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தது. அறைந்த பெண் வந்து அவள் காலைப் பிடித்தாள். அக்கா சுவரோடு ஒண்டிக்கொண்டாள். "என்னக் கும்பிடாதீங்க. நான் ஒண்ணும் தெரிஞ்சு செய்யல" என்றாள். யாரும் நம்பவில்லை. அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. தெரிந்தே மாமியாரை விட்டுவிட்டாள் என்று இன்னொரு பேச்சும் கூடவே வந்தது. அவள் வானத்தைப் பார்த்தால் பெண்கள் குழந்தைகளை அள்ளிக்கொண்டார்கள். அவள் சாப்பிடாவிட்டால் மற்றவர்களும் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கவேண்டிய நேரம் வந்தது. மண் தொடாமல் விட்ட மேட்டு லயத்தில் வெடிப்பு இல்லை, வேறு இடம் கிடைக்கும்வரை அங்கே இருக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆட்கள் நகரவில்லை. அக்கா சொன்னால்தான் போவோம் என்றார்கள். தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கூட நானும் போனேன்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. சனம் நிம்மதியா போகும்."

"சரியான்னு எனக்குத் தெரியாதே தலைவரே."

"தெரியாட்டியும் சொல்லு. போறதுக்கு வேற எடம் எங்க இருக்கு?"

"எடம் இல்லன்னு சொல்லுங்க, அது உண்மை. பயமில்லன்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க."

தலைவர் வெளியே போய், அவள் சொன்னதை அப்படியே சொன்னார். இடம் இல்லை, அதனால் போகிறோம், மலை எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலர் அக்காவை ஏசினார்கள். கடைசியில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு எல்லோரும் மேட்டு லயத்துக்கு ஏறினார்கள். அக்காவும் ஏறினாள். என்னால் முடியவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மொனராகலையில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே வெயிலும் கரும்புத் தோட்டமும்தான்.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகப் போனபோது அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து பேசினோம். பிறகு ரோட்டுவரை என்னை வழியனுப்ப வந்தாள். பஸ்ஸுக்காக நின்றபோது, நெடுநாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"எங்ககூட வந்துருங்கக்கா. அங்க நம்ம வீட்டுக்கு மேல மலையே இல்ல. நீங்க நிம்மதியா தூங்கலாம்."

அவள் சிரித்தாள்.

"இங்க ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமில்லாம? எந்த நேரமும் பயந்தான்."

"அப்புறம் ஏன் இருக்கீங்க?"

அவள் திரும்பி மேலே பார்த்தாள். மேட்டு லயத்துப் பக்கம் கொடியில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். "எல்லாருக்கும் பயம் போயிருச்சு தங்கச்சி" என்றாள். "கோழி வளக்குறாங்க, செவத்துக்கு வெள்ளை அடிக்கிறாங்க. தப்பில்ல. பயந்துகிட்டே எப்படிப் பொழைக்கிறது? ஆனா ஒரு ஆளாவது பயந்துகிட்டு இருக்கணும்ல."

பஸ் வந்தது. ஏறி சன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும்வரை நிற்பாள் என்று நினைத்தேன். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கையிலிருந்த குடையை விரிக்கவுமில்லை. மேட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.